கட்டர் என்றால் எந்தக் கட்டர்?

பிள்ளைக்கு ஆளுக்கொரு பெயர் வைத்துக் கூப்பிட்டால் அது செல்லம். மரம் அறுக்கிற மெஷினுக்கு ஆளுக்கொரு பெயர் வைத்தால் விரல் போய்விடும்!

திருப்பரங்குன்றத்தில் வீடு கட்டுகிற இடம் எதிலாவது சற்று நின்று பாருங்கள். டைல்ஸ் ஒட்டுகிறவர் “கட்டரை எடு” என்பார். கம்பி வேலைக்காரரும் கட்டர் என்பார். ஆசாரிக்கும் அது கட்டர்தான். மூவர் கையிலும் இருப்பதோ மூன்று வேறு மெஷின்கள். ஒன்று கல் அறுக்கும் மார்பிள் கட்டர். இன்னொன்று இரும்பு தேய்க்கும் கிரைண்டர். மூன்றாவதுதான் மரம் அறுக்கும் வட்ட ரம்பம்.

கடையில் பேச்சு இப்படிப் போகும்:

“அண்ணே, கட்டருக்கு பிளேடு ஒண்ணு குடுங்க.”

“எந்தக் கட்டருக்குண்ணே?”

“மரம் அறுக்கத்தான்.”

நாலு அங்குலப் பல் வட்டு ஒன்று கைமாறும். அது கிரைண்டரில் ஏறினால் வந்தது வினை. சிறு கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும். ஏழு அங்குல வட்ட ரம்பத்துக்குச் சுமார் 5,000 சுற்றுதான். கிரைண்டருக்கு மரத்தின் மேல் படிந்து நகரும் அடித்தட்டு கிடையாது. பல் மரத்தைக் கவ்வியதும் மெஷின் துள்ளும். துள்ளினால் அது திரும்புவது பிடித்திருப்பவர் பக்கம்தான்.

சாமில் என்ன சாமி?

நம்மிடம் பெயருக்குப் பஞ்சமா? ரம்பம் உண்டு, வாள் உண்டு, ஈர்வாள் உண்டு. ஒருவர் மேலேயும் ஒருவர் கீழேயும் நின்று நீள ரம்பத்தால் தடியைப் பலகையாக்கிய காலத்தில் இவையே போதுமாயிருந்தன. இலங்கைத் தமிழர் மரத்தை ‘அரிவார்கள்’; மரக்கடை அவர்களுக்கு ‘மரக்காலை’. ‘அரம்’ வேறு பொருள், அது தேய்ப்பது. வள்ளுவர் கூர்மைக்கு உவமை சொன்னது அந்த அரத்தைத்தான், ரம்பத்தை அல்ல.

மின்சாரம் வந்தது, ஆங்கிலப் பெயர்களும் கூடவே வந்தன. ரம்பத்துக்கு ஆங்கிலத்தில் ‘ஸா’. அதைத் தமிழில் ‘சா’ என்று எழுதினால் கேட்கவே நன்றாயில்லை! ஸா மில், சா மில் என்று இரண்டாக எழுதலாம். ஒட்டி எழுதினால் ‘சாமில்’. ஊருக்குப் புதியவர் ஏதோ சாமி பெயர் என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. இரும்பு அறுக்கும் ‘ஆக்ஸா பிளேடு’ இன்னும் வேடிக்கை. ‘ஹேக் ஸா’ என்ற இரு சொற்கள் ஒட்டி, ‘ஹ’ உதிர்ந்து, உள்ளே ஒரு ரம்பம் இருப்பதே மறந்துவிட்டது.

கரும்புக் கத்தியில் பிறந்தது

‘ஸ்கில் ஸா’ என்றால் திறமையான ரம்பம் என்று பொருள் சொல்வோர் உண்டு. அது கம்பெனிப் பெயர். ஆங்கிலத்தில் திறமையைக் குறிக்கும் சொல்லில் இரண்டு ‘எல்’, இதில் ஒன்றே ஒன்று. அமெரிக்காவில் எட்மண்ட் மிஷெல் என்பவர் கரும்பு வெட்டும் கத்திக்கு மோட்டார் பூட்டிப் பார்த்தார். அந்த யோசனை வளர்ந்து 1924-ல் கையில் பிடிக்கும் வட்ட ரம்பமாக விற்பனைக்கு வந்தது. அங்கே இன்றும் எந்தக் கம்பெனி வட்ட ரம்பத்தையும் பலர் ‘ஸ்கில்ஸா’ என்றே அழைக்கிறார்கள். குழப்பம் நமக்கு மட்டும் சொந்தமில்லை!

மரம் வெட்டும் செயின் ஸாவில் ‘ஸ்டீல்’ என்று ஒரு பெயர் பார்க்கலாம். எஃகு என்று எண்ண வேண்டாம். 1926-ல் ஜெர்மனியில் கம்பெனி தொடங்கிய ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் என்பவரின் பெயர் அது. சட்டங்களின் மூலையைச் சாய்வாக வெட்டுவது ‘மைட்டர் ஸா’. ஆங்கிலேயர் அதை ஒரு விதமாகவும் அமெரிக்கர் வேறு விதமாகவும் எழுதுவார்கள். நம்மவர் வாயில் அது ‘மீட்டர்’ ஆனால் ஆச்சரியமில்லை.

ஜிக்ஸாவோ பெயரை இரவல் வாங்கியது. முன்பு அந்தப் பெயர் மேஜையில் நிற்கும் வேறொரு ரம்பத்துக்கு இருந்தது. படத்துண்டு சேர்க்கும் குழந்தைகள் விளையாட்டுக்கும் அதே பெயர். நாம் இன்று காணும் கை மெஷினை, 1940-களில் ஸ்விட்சர்லாந்தின் ஸின்டில்லா கம்பெனியில் வேலை பார்த்த ஆல்பர்ட் காஃப்மன் உருவாக்கினார். மனைவியின் தையல் மெஷினில் ஊசிக்குப் பதில் சிறு பிளேடைப் பொருத்திப் பார்த்ததே தொடக்கம் என்பார்கள்.

துளையைப் பாருங்கள்

பெயரை நம்பாமல் வாங்க வழி இருக்கிறது. பிளேடின் நடுத்துளையைப் பாருங்கள். 110 மில்லிமீட்டர் மார்பிள் கட்டர் பிளேடுக்குத் துளை பெரும்பாலும் 20 மில்லிமீட்டர். 100 மில்லிமீட்டர் கிரைண்டர் வட்டுக்கு 16. துளை பொருந்தவில்லையென்று வளையம் போட்டுச் சமாளிக்கும் வழக்கம் இருக்கிறதே, அதுதான் பெரிய விஷப்பரீட்சை. பிளேடின் மேல் அதிகபட்சச் சுற்று எவ்வளவு என்று அச்சிட்டிருப்பார்கள். மெஷினின் சுற்று அதைவிடக் கூடுதலா? கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஜிக்ஸா பிளேடில் துளைக்கு வேலையில்லை. அதன் மேல்முனை ‘டி’ வடிவமா ‘யூ’ வடிவமா என்று மட்டும் பார்க்க வேண்டும். தேய்ந்த பழைய பிளேடைக் காகிதத்தில் சுற்றிக் கையோடு கொண்டு போனால் கடைக்காரருக்கும் பாதி வேலை மிச்சம்.