வீதியில் பொலிசார் மறித்தால்...

ஊரில் சோதனைச்சாவடியைக் கண்டதும் வாகனத்தை விட்டிறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி நடந்து சென்று பழகியவர்கள் நாம். அப்பழக்கம் இங்கு ஆபத்தானது. ரொறன்ரோவில் பொலிஸ் வாகனம் பின்னால் விளக்கைப் போட்டால், காரை வலது ஓரமாக நிறுத்தி உள்ளேயே இருக்க வேண்டும். கைகள் ஸ்ரியறிங்கின் மேல் தெரியட்டும். விளக்கம் சொல்ல இறங்கி ஓடினால், தாக்க வருவதாகவே எண்ண இடமுண்டு. அனுமதிப்பத்திரத்துடன் டொலர் தாளை மடித்து நீட்டும் யோசனையும் வேண்டாம். இலஞ்சம் இங்கு பாரிய குற்றம்.

எந்தப் பிழையும் செய்யாத சாரதியையும் மறிக்கலாமா? அனுமதிப்பத்திரம், காப்புறுதி, மதுபோதை, வாகனத்தின் நிலை ஆகியவற்றைப் பார்ப்பதற்காக மறிக்கலாம் என்று 1990இல் லடூசர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஒன்பது நீதிபதிகளில் நால்வர் இவ்வளவு அதிகாரம் கூடாதென்று எழுதினர். எனவே அனுமதிப்பத்திரம், வாகனப் பதிவுப் பத்திரம், காப்புறுதி அட்டை மூன்றையும் கேட்டவுடன் கொடுத்துவிடுங்கள். 2018 டிசம்பர் முதல், சந்தேகம் எதுவுமின்றியே கருவியில் ஊதச் சொல்லவும் சட்டம் இடமளிக்கிறது. மறுப்பதே குற்றம். மதுபோதையில் ஓட்டிக் குற்றவாளியானால், பிரஜாவுரிமை பெறாதவர்களுக்கு நாட்டில் தங்கும் உரிமையே கேள்விக்குறியாகலாம்.

ஆனால் மறிப்பது வேறு, காரைக் கிளறுவது வேறு. அல்பேர்ட்டாவில் வீதிச் சோதனையில் மறிக்கப்பட்ட மெலந்தின் என்பவரிடம், முன் ஆசனத்திலிருந்த பையில் என்னவென்று பொலிசார் கேட்டனர். சாப்பாடு என்றார் அவர். பைக்குள் கண்ணாடி மினுங்கவே, தேடிக் கஞ்சாப் பிசினை எடுத்தனர். வீதிச் சோதனை என்பது வாகனத்தையும் சாரதியையும் சரிபார்க்கத்தானே தவிர, கண்டதையெல்லாம் விசாரிக்க அல்ல என்று 1992இல் உச்ச நீதிமன்றம் அச்சாட்சியத்தைத் தள்ளிவிட்டது.

எம்மவர் அகப்படுவது "டிக்கியைப் பார்க்கலாமா?" என்ற கேள்வியில்தான். பணிவாகக் கேட்டால் அது கட்டளையல்ல, சம்மதம் கேட்பது. நாமோ எதற்கும் "யெஸ் சேர்" என்போம். எமது தலையாட்டல் ஆமாவா இல்லையா என்பது எமக்கே சிலவேளை புரிவதில்லை! தலையை ஆட்டாமல், "ஐ டூ நொட் கொன்சென்ற் ரு எ சேர்ச்" என்று வாயால் அமைதியாகச் சொல்லுங்கள். அதையும் மீறித் தேடினால் கையைப் பிடித்துத் தடுக்க வேண்டாம். நேரத்தையும் பொலிஸ் இலக்கத்தையும் குறித்து வையுங்கள். கைது செய்தபின் தேடலாம். திறந்த மதுப்போத்தலோ கஞ்சாவோ சட்டத்துக்கு மாறாக உள்ளதென நியாயமான காரணமிருந்தாலும் தேடலாம். காரணமின்றித் தேடியதால் ஹரிசன் வழக்கில் 35 கிலோ கொக்கெயினையே 2009இல் நீதிமன்றம் சாட்சியமாக ஏற்க மறுத்தது. கடத்தியவர் தப்பியதில் எமக்கு மகிழ்ச்சியில்லை. எனினும் அதே விதிதான் ஸ்காபரோவில் எமது பிள்ளைகளின் காருக்கும்.

நிறம் பார்த்து மறிப்பதும் கற்பனையல்ல. ரொறன்ரோ ராப்ரேர்ஸ் வீரராக இருந்த கறுப்பினத்தவரான டீ பிரவுண் 1999இல் டொன் வலி பார்க்வேயில் மறிக்கப்பட்டார். அவரது வழக்கில், இனத்தை வைத்துச் சந்தேகிப்பது நடப்பதுண்டு என்பதை ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் 2003இல் ஏற்றுக்கொண்டது.

"நான் இன்னும் சிற்றிசன் இல்லையே" என்று அஞ்சுவோர் பலர். 1982ஆம் ஆண்டின் உரிமைகள் சுதந்திரங்கள் சாசனத்தில் தேடுதல், தடுத்துவைத்தல் பற்றிய 8, 9, 10ஆம் பிரிவுகள் "ஒவ்வொருவருக்கும்" என்றே சொல்கின்றன. அகதிக் கோரிக்கையாளருக்கும் சாசனத்தின் காப்பு உண்டென 1985இல் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கைதானால் காரணத்தைக் கேளுங்கள். பெயர், முகவரி தவிர வேறெதற்கும் பதில் சொல்லுமுன் சட்டத்தரணியுடன் பேசவேண்டுமெனச் சொல்லுங்கள். காசில்லாவிட்டாலும் இரவிலும் தொலைபேசியில் இலவச சட்ட ஆலோசனை பெறலாம். ஆங்கிலம் போதாதெனில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று அப்போதே கேளுங்கள்.