ஓடும்போதே தொண்டைக்குள் ஒரு காமிரா

கோவில்பட்டி கிருஷ்ணா நகரின் செயற்கைப் புல்தரையில் சாயங்கால ஹாக்கியைப் பார்த்திருக்கிறீர்களா? இந்திய அணிக்கு மாரீஸ்வரனைத் தந்த ஊர். பிள்ளைகள் பறக்கிறார்கள்!

இப்படி ஓடுகிற பிள்ளைகள் உள்ள எந்த ஊரிலும் இது நடக்கலாம். முழு வேகத்தில் போகும் பிள்ளை சட்டென்று நின்று கழுத்தைப் பிடித்துக்கொள்ளும். மூச்சை உள்ளே இழுக்கும்போது விசில் மாதிரி ஒரு சத்தம் வரும். ‘வீசிங்’ என்று சொல்லி இன்ஹேலரைக் கொடுப்பார்கள். கரிசல் புழுதி மேல் பழி விழும். சில நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிடும். டாக்டர் பார்க்கும்போது தொண்டை ஜம்மென்று திறந்திருக்கும்!

அந்தக் கள்ளனைக் கையும் களவுமாகப் பிடித்த கதையைச் சொல்லத்தான் எனக்கு இத்தனை பரபரப்பு.

முதலில் ஒரு பாட்டு வாத்தியார். 1854-இல் மானுவேல் கார்சியா, பல் வைத்தியரின் சின்னக் கண்ணாடியையும் வெயிலையும் வைத்துக்கொண்டு தன் குரல்நாண்களைத் தானே பார்த்தார். வெறும் வெயில்தான், நம் ஊரில் அதற்கா பஞ்சம்! ஆனால் அவர் பார்த்தது அசையாமல் நிற்கும்போது. ஓடும்போது எப்படிப் பார்ப்பது?

அதற்கு நார்வேயின் பெர்கன் போக வேண்டும். நாம் மழைக்கு வானம் பார்ப்போம். அங்கே மழை ஓய்வதே அபூர்வம். அந்த ஊர் ஹாக்லாண்ட் மருத்துவமனையில் மருத்துவர் ஹைம்டாலும் கூட்டாளிகளும் செய்ததைக் கேளுங்கள். மூக்கை மரத்துப்போகச் செய்து, வளையும் மெல்லிய குழாய்க் காமிராவை அதன் வழியே தொண்டைக்கு இறக்குகிறார்கள். ஆடாமலிருக்கத் தலைக்கவசத்தில் பொருத்துகிறார்கள். முகத்தில் மாஸ்க். அப்படியே டிரெட்மில்லில் ஓடு என்கிறார்கள், இனி முடியாது என்கிற வரைக்கும்! 2006-இல் இந்த முறை அச்சில் வந்தது.

திரையில் தெரிவதுதான் அற்புதம். ஓட ஓடக் குரல்வளை கதவைப் போல அகல வேண்டும். இப்படித் திணறுகிறவர்களுக்கோ அதன் மேலிருக்கும் மடிப்புகள் உள்நோக்கிச் சரிகின்றன. சிலருக்குக் குரல்நாண்களே நெருங்கிவிடுகின்றன. இந்த அடைப்பில் நுரையீரல் மேல் குற்றமே இல்லை! சுவீடனின் உப்சாலாவில் பதின்ம வயதினரிடம் நடந்த ஆய்வு, நூறு பேரில் ஐந்தாறு பேருக்கு இது இருக்கலாம் என்று 2015-இல் சொன்னது. இத்தனை பேரா என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

டென்வரில் மருத்துவர் டாட் ஓலின் இன்னும் ஒரு படி மேலே போனார். பிள்ளைகள் பயிற்சி செய்துகொண்டே தங்கள் தொண்டையைத் திரையில் பார்த்து மூச்சைத் திருத்தச் சொல்லித்தருகிறார். பல்லிடுக்கில் காற்றை இழுக்கத் தொடங்கி, அதே மூச்சில் சட்டென்று வாயைத் திறந்து மீதியை இழுப்பது அதில் ஒரு வித்தை. கண்ணெதிரே கதவு திறப்பதைப் பார்க்கிற பிள்ளைக்கு எப்படி இருக்கும்!

பயிற்சியாளர்களே, பெற்றோர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உச்ச வேகத்தில் சத்தம் வருகிறதா, மூச்சை இழுக்கும்போதா விடும்போதா என்று கவனியுங்கள். ஆஸ்துமாவில் பெரும்பாலும் விடும்போதுதான் இழைக்கும். ஓட்டம் முடிந்த பிறகுதான் அதிகமாகும். ஆஸ்துமாவும் குரல்வளை அடைப்பும் சேர்ந்தும் வரலாம், அதனால் இன்ஹேலரை நீங்களாக நிறுத்த வேண்டாம். அந்த நேரத்தில் செல்போனில் சத்தத்தோடு ஒரு வீடியோ எடுத்து, காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள்.