தேனீக்கும் உண்டு சத்துணவு!

பிள்ளைகளே! பள்ளிக்கூடச் சத்துணவில் முட்டை போடுகிறார்களே, எதற்கு? வளரும் உடம்புக்குப் புரதம் வேண்டும் என்பதற்காக. நம் நாமக்கல் பண்ணைக் கோழிகளுக்கும் புரதத்துக்காகத்தான் சோயா புண்ணாக்கைத் தீவனத்தில் கலக்கிறார்கள். அந்தச் சோயாவைத் தேனீக்களும் தின்னும் என்றால் நம்புவீர்களா?

தேனீ தேனை மட்டும் குடித்து வாழ்வதில்லை. தேன், பறக்கப் பலம் தரும். உடம்பை வளர்க்கும் புரதம் மகரந்தத்தில்தான் இருக்கிறது. கூட்டில் செவிலித் தேனீக்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. பிறந்து சில நாட்களே ஆன இளம் தேனீக்கள் இவை. மகரந்தத்தைத் தின்று, தலையிலுள்ள சுரப்பியில் பால் போன்ற ஒன்றைச் சுரந்து புழுக்களுக்கு ஊட்டும். ராணிக்கும் அதுவே உணவு.

மகரந்தம் கிடைக்காவிட்டால்? பால் வற்றும். ராணி முட்டையிடுவது குறையும். பட்டினி முற்றினால் கூட்டிலுள்ள புழுக்களையே தேனீக்கள் தின்றுவிடும்! கேட்கவே கஷ்டமாக இருக்கிறதல்லவா?

சேலம், நாமக்கல் பக்கம் கோடையில் மானாவாரிக் காடுகள் காய்ந்து கிடக்கும். அடைமழையிலோ தேனீ வெளியே போகவே முடியாது. சுற்றிலும் மக்காச்சோளம் மட்டுமே இருந்தாலும் தொல்லைதான். அதன் மகரந்தத்தில் சத்து குறைவு.

நான் வேலையில் இருந்தபோது வீட்டுத் தோட்டத்தில் ஒரு தேனீப் பெட்டி வைத்திருந்தேன். ஒரு கோடையில் சர்க்கரைப் பாகு மட்டும் தவறாமல் வைத்தேன். நல்லதுதான் செய்கிறோம் என்ற நினைப்பு! ஒரு நாள் திறந்து பார்த்தால் அடையில் ஒரு புழுகூட இல்லை. அடுத்த வாரம் பெட்டியே காலி. நம் இந்தியத் தேனீ அப்படித்தான், பிழைக்க வழியில்லை என்றால் கூட்டோடு கிளம்பிவிடும். பாகில் புரதம் இல்லை என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

விவரம் தெரிந்தவர்கள் கொழுப்பு நீக்கிய சோயா மாவு, ஈஸ்ட், கொழுப்பு நீக்கிய பால் பவுடர் ஆகியவற்றைச் சர்க்கரைப் பாகு விட்டுச் சப்பாத்தி மாவுபோலப் பிசைவார்கள். பொட்டுக்கடலை மாவு சேர்ப்பவர்களும் உண்டு. அதை அடைபோலத் தட்டி, பெட்டிச் சட்டங்களின் மேல் வைத்தால் தேனீக்கள் கொறிக்கும். கடைத்தேனை மட்டும் ஊற்றிப் பிசையக் கூடாது. வேறு கூட்டின் நோய் அதன் வழியாக வந்துவிடும்.

இதிலும் ஒரு குறை இருந்தது. மகரந்தத்தில் உள்ள ஸ்டீரால் என்ற கொழுப்புச் சத்துகள் மாவில் சரியாகக் கிடைப்பதில்லை. இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக விஞ்ஞானிகள், தேனீக்குத் தேவையான 6 ஸ்டீரால்களைத் தயாரிக்கும் ஈஸ்ட்டை உருவாக்கி 2025ல் அறிவித்தார்கள். அதைத் தின்ற கூட்டங்களில், தின்னாதவற்றைவிட 15 மடங்கு வரை அதிகப் புழுக்கள் வளர்ந்தனவாம்!

ஆனாலும் முருங்கையும் புளியும் பூத்துவிட்டால் தேனீ நம் மாவைத் திரும்பியும் பார்க்காது. தேனீப் பெட்டியைக் கண்டால் தள்ளி நின்று, வாசலைக் கவனியுங்கள். பின்னங்கால்களில் மஞ்சளாகச் சின்ன உருண்டைகளோடு தேனீக்கள் உள்ளே போகின்றனவா? அப்படியானால், உள்ளே குழந்தைகளுக்குச் சாப்பாடு போய்க்கொண்டிருக்கிறது.