தேய்ந்ததா, உடைந்ததா? அச்சுக்கு எஃகு தேர்வு செய்வது எப்படி?

பத்துக் காசு நாணயம், பிஸ்கட் டின் மூடி, காரின் கதவுத் தகடு, துப்பாக்கித் தோட்டாவின் செம்பு உறை. இவை எல்லாமே எஃகு அச்சில் அழுத்தப்பட்டு உருவம் பெற்றவை. அந்த அச்சைத் தொழிற்கூடங்களில் 'டை' என்பார்கள். அதற்குள் இறங்கி அழுத்தும் பாகம் 'பஞ்ச்'.

ஆயிரக்கணக்கான முறை அடி வாங்கும் இந்த அச்சில் ஏதாவதொரு பாகம் ஒருநாள் பழுதாகும். அதற்காக முழு அச்சையும் தூக்கி எறிய முடியாது. அந்தப் பாகத்தை மட்டும் புதிதாகச் செய்து பொருத்த வேண்டும். அப்படியானால் எந்த எஃகில் செய்வது? "இருப்பதிலேயே கடினமான எஃகில்" என்றுதான் பலருக்கும் சொல்லத் தோன்றும். அந்தப் பதில் தவறு.

பழைய பாகமே வழிகாட்டும்

செம்பனைக் குலை வெட்டும் அரிவாளை நினைத்துப் பாருங்கள். பதம் குறைந்தால் முனை சீக்கிரம் மழுங்கும். பதம் மிஞ்சினால் வாய் சில்லுச் சில்லாகப் பெயரும். பஞ்ச்சும் அப்படித்தான். ஓரம் மழுங்கியிருந்தால் தேய்மானத்தைத் தாங்கும் எஃகு வேண்டும். சில்லு பெயர்ந்தோ முறிந்தோ போயிருந்தால் அதிர்ச்சியைத் தாங்கும் எஃகு வேண்டும். வளைந்தோ தலை நசுங்கியோ இருந்தால் போதிய கடினம் ஏறவில்லை என்று பொருள். பழுதான விதத்தைப் பார்த்த பிறகுதான் எஃகின் பெயரைத் தேட வேண்டும்.

கார்பன் செய்யும் வேலை

கட்டுமானத்துக்குப் பயன்படும் மென்னெஃகில் கார்பன் சுமார் 0.25 விழுக்காட்டுக்கும் குறைவு. அதை எவ்வளவு சூடாக்கித் தண்ணீரில் தோய்த்தாலும் அச்சுக்கு வேண்டிய கடினம் வராது. அதற்குக் கருவி எஃகுதான் வேண்டும்.

'ஓ1' எஃகில் கார்பன் சுமார் 0.9 விழுக்காடு. சுமார் 800 பாகை செல்சியஸில் சூடாக்கி எண்ணெயில் தோய்த்தால் கடினமாகிவிடும். சிறிய பட்டறைக்கு ஏற்றது. 'டி2' எஃகில் கார்பன் 1.5, குரோமியம் 12 விழுக்காடு. ஜப்பானியத் தரத்தில் எஸ்.கே.டி.11 அதற்கு இணையானது. அதிலுள்ள குரோமியம் கார்பைடு துகள்கள் தேய்மானத்தை நன்றாகத் தாங்கும். ஆனால் பலத்த அடி விழுந்தால் முறியக்கூடும். அடி விழும் இடத்துக்கு 'எஸ்7' பொருந்தும். அதில் கார்பன் சுமார் 0.5 விழுக்காடுதான், கடினம் சற்றுக் குறைவு, உறுதி அதிகம்.

தோய்ச்சலோடு வேலை முடியாது

எஃகு சுமார் 770 பாகையைத் தாண்டினால் காந்தத்தில் ஒட்டாது. ஓ1 எஃகை அதற்குச் சற்று மேலே கொண்டுபோய், உட்புறம் முழுவதும் சூடேறும்வரை வைத்திருந்து, எண்ணெயில் தோய்க்கிறார்கள். வெளியேற நேரமில்லாமல் கார்பன் அணுக்கள் படிகத்துக்குள் சிக்கிக்கொள்கின்றன. இந்த அமைப்புக்கு 'மார்ட்டென்சைட்' என்று பெயர்.

இந்த நிலையில் எஃகு கண்ணாடி மாதிரி. அப்படியே இயந்திரத்தில் பொருத்தினால் வெடித்துத் தெறிக்கலாம். ஒரு துண்டு கண்ணில் பட்டாலும் போதும். ஆகவே கைபொறுக்கும் சூட்டுக்கு வந்தவுடனே சுமார் 200 பாகையில் ஓரிரு மணி நேரம் மீண்டும் சூடாக்க வேண்டும். கடினம் சிறிது குறைந்தாலும் உறுதி கூடும். மெருகிட்ட பரப்பில் வெளிர் வைக்கோல் நிறம் தெரியும். நீலம் தெரிந்தால் சூடு 300 பாகையை நெருங்கிவிட்டது, கடினமும் குறைந்திருக்கும்.

இன்னும் மூன்று எச்சரிக்கைகள். கூரான உள்மூலைகளில் விரிசல் தொடங்கும். அவற்றை வளைவாகச் செதுக்க வேண்டும். கடினமாகும்போது அளவு சற்று மாறும். கடைசியில் சாணை பிடித்துச் சரிசெய்ய இடம் விட வேண்டும். டி2 எஃகைச் சூடாக்க 1,000 பாகைக்கு மேல் தேவை. காற்றுப் பட்டால் மேற்பரப்பிலுள்ள கார்பன் எரிந்து, தோல் மட்டும் மென்மையாகிவிடும். அதனால் வெற்றிட உலையில் வைப்பார்கள், அல்லது துருப்பிடிக்காத எஃகுத் தாளில் சுற்றி வைப்பார்கள்.

இறுதியாக ராக்வெல் சோதனை. வைரக்கூம்பை அழுத்தி, அது இறங்கும் ஆழத்தைக் கொண்டு கடினத்தை அளப்பார்கள். வெட்டும் பாகங்களுக்குப் பெரும்பாலும் 58 முதல் 62 வரை இருக்க வேண்டும்.

நமக்குப் புதிதல்ல

ஈரோடு அருகேயுள்ள கொடுமணலில் பழந்தமிழர் எஃகு உருக்கியதற்கான தடயங்கள் அகழாய்வில் கிடைத்துள்ளன. 'ஊட்ஸ்' என்று மேல்நாட்டார் அழைத்த இந்திய எஃகை மைக்கேல் ஃபாரடே 1819ஆம் ஆண்டில் ஆராய்ந்தார். அதன் சிறப்புக்கு அலுமினியமே காரணம் என்று தவறாக நினைத்தார். ஆனாலும் அந்த ஆர்வத்தில்தான் அவர் ஸ்டோடார்ட்டுடன் சேர்ந்து எஃகில் வேறு உலோகங்களைக் கலந்து பார்த்தார். குரோமியமும் அவற்றுள் ஒன்று.

இன்று சிம்பாங் அம்பாட் மாணவருக்கு இத்துறை எட்டாத தூரத்தில் இல்லை. பக்கத்திலுள்ள தாபோ நானிங்கில் உயர் தொழில்நுட்பப் பயிற்சி மையமான அட்தெக் இருக்கிறது. டுரியான் துங்காலில் மலாக்கா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. திவெட் கல்வியை "படிக்காதவர் போகும் வழி" என்று ஒதுக்குவோர், மேலே சொன்னவற்றில் எவ்வளவு வேதியியலும் இயற்பியலும் அடங்கியுள்ளன என்று எண்ணிப் பார்க்கட்டும்.

அடுத்த முறை உடைந்த திருப்புளியோ உளியோ கையில் கிடைத்தால், குப்பையில் போடுமுன் உடைந்த முகத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். அது வளைந்து முறிந்ததா, பட்டென்று நொறுங்கியதா? அதற்குப் பதில் தேடத் தொடங்குவதே இத்துறையின் முதல் பாடம்.