மேற்குப் பார்த்த கண்ணாடி

அலுமினிய ஃபேப்ரிகேஷன் என் தொழில். சென்னையில் பால்கனிகளைக் கண்ணாடி போட்டு அடைப்பதுதான் அதில் பாதி வேலை. புறாத் தொல்லை, தூசி, சாரல், பிள்ளை படிக்க ஓர் இடம் என்று காரணம் வீட்டுக்கு வீடு மாறும். மார்கழியில் முடித்துக் கொடுத்தால் காபி கொடுத்துப் பாராட்டுவார்கள். சித்திரை பிறந்ததும் அதே வீட்டிலிருந்து போன் வரும்: "தம்பி, சாயங்காலம் அங்க காலை வைக்க முடியலப்பா. ஏசி போட்டுடலாமா?"

போடலாம். அதற்கு முன்னால் ஒரு கணக்கு. ஏப்ரல் மாதம், மேகமில்லாத நாலு மணி. மேற்குப் பார்த்த சுவரில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 600 வாட் வெயில் விழுகிறது. நாங்கள் வழக்கமாகப் போடும் 5 மில்லி சாதாக் கண்ணாடி அதில் ஐந்தில் நாலு பங்கை உள்ளே விட்டுவிடும். 50 சதுர அடிக் கண்ணாடிக்கு 2 கிலோவாட்டைத் தாண்டும். குளியலறை கெய்சரைப் பால்கனியில் ஓடவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போலத்தான். 1 டன் ஏசி வெளியேற்றுவதே 3.5 கிலோவாட் சூடு. அதில் பாதிக்கு மேல் இந்த வெயிலுக்கே தீர்ந்துவிடும்.

உள்ளே வந்த வெயில் தரையையும் நாற்காலியையும் சுட வைக்கிறது. அவை திருப்பி வீசும் வெப்பம் வேறு வகை, நெட்டலை. அதற்குக் கண்ணாடி வழிவிடாது. இதனால்தான் உள்பக்கம் கனத்த திரை மாட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கண் கூசாது, அவ்வளவே. திரை வாங்கிய சூடு அறையோடுதான் கிடக்கும். வெள்ளைத் திரையானால் கொஞ்சம் வெளிச்சத்தையாவது திருப்பி அனுப்பும்.

அதே காசுக்கு ஒரு மூங்கில் தட்டி வாங்கி, கண்ணாடிக்கு வெளியே கிரில்லில் கட்டுங்கள். தட்டி எவ்வளவு சுட்டாலும் அந்தச் சூட்டை வெளிக்காற்று அடித்துக்கொண்டு போய்விடும். நர்சரியில் கட்டும் பச்சை வலையும் போதும்; 75 சதவீத நிழல் தருவது என்று கேட்டு வாங்குங்கள். முகப்பு கெடுகிறது என்று அசோசியேஷனில் முணுமுணுப்பு வரும். எல்லா வீட்டுக்கும் ஒரே நிறத்தில் கட்டச் சொன்னால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

திசை தெரியாமல் செலவு செய்கிறவர்கள் அதிகம். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரம் உச்சி வெயில் நேர் தலைக்கு மேல் நிற்கும். அதிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். ஆக அக்னி நட்சத்திரத்தில் தெற்குக் கண்ணாடி தப்பித்துக்கொள்கிறது. தெற்குப் பால்கனியில் வெயில் அதிகம் விழுவது மார்கழி, தை மாதங்களில்தான். அப்போது யாருக்கும் அது கசக்காது. அடி வாங்குவது கிழக்கும் மேற்கும். மேற்கில் ரெண்டடி சன்ஷேடு இருந்தும் பெரிய பலனில்லை, நாலு மணி வெயில் அதற்குக் கீழே சாய்வாக நுழைந்துவிடும். செங்குத்தாகத் தொங்கும் தட்டிதான் அதைத் தடுக்கும்.

கறுப்பு ஃபிலிம் ஒட்டச் சொல்லிக் கேட்பவர்களைத் தயங்க வைப்பேன். கறுப்பு, வெயிலைக் குடித்துக் கண்ணாடியையே சுட வைக்கும். அந்தச் சூட்டில் ஒரு பங்கு உள்ளேதான் வரும். பாதி நிழலிலும் பாதி வெயிலிலும் நிற்கும் சாதாக் கண்ணாடி, அந்த ஃபிலிமால் விரிசல் விடுவதும் உண்டு. புதிதாகப் போடுகிறவர்கள் சோலார் கன்ட்ரோல் கண்ணாடி கேட்கலாம். விலை கூடுதல்தான், ஆனால் மேற்குக்கு அது வீண் இல்லை.

அடுத்தது காற்று. ரெண்டு கதவு ஸ்லைடிங் ஜன்னல் எவ்வளவு தள்ளினாலும் பாதிதான் திறக்கும். சூடான காற்று மேலே போய்த் தேங்கும் என்பதால் மேல்வரிசையில் லூவரோ ஒரு சின்ன எக்ஸாஸ்ட் ஃபேனோ வைக்கச் சொல்வேன். சீலிங் ஃபேன் உடம்புக்குச் சுகம் தரும், அறைச் சூட்டைக் குறைக்காது. கடல்காற்று கிழக்கிலிருந்து வருவது. மேற்குப் பால்கனிக்கு அது எட்ட வேண்டுமென்றால் வீட்டின் கிழக்கு ஜன்னலும் நடுக்கதவும் திறந்திருக்க வேண்டும்.

வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளிப்பது வேலூர் மாதிரி வறண்ட ஊர்களில் நன்றாக வேலை செய்யும். சென்னையில் கடல்காற்று வந்த பிறகு தெளித்தால் வாசனை மிஞ்சும், புழுக்கமும் கூடும்.

இப்போதெல்லாம் மேற்கு, கிழக்குப் பால்கனி என்றால் கண்ணாடி மாட்டுவதற்கு முன்பே வெளி கிரில்லில் தட்டிக்கான கொக்கிகளை வெல்ட் வைத்துவிடுகிறேன். கீழ்ப்பக்கமும் ரெண்டு கொக்கி. கட்டாத தட்டி ஆடிக் காற்றில் ராத்திரி முழுக்கக் கண்ணாடியில் அடித்துக்கொண்டிருக்கும். அடைத்து முடித்த பிறகு கூப்பிட்டால் மூணாவது மாடியில் கயிறு கட்டித் தொங்கித்தான் வேலை செய்ய வேண்டும். அதற்குக் கூலி தனி.