எட்டுக் கம்பி, நான்கு ஜோடி

வீட்டு சர்வர் ரேக் என்பது பெயரைக் கேட்டு மிரளும் அளவுக்குப் பெரிய சமாசாரம் அல்ல. இரண்டு இரும்புச் சட்டங்கள், அவற்றில் வரிசையாகத் துளைகள், அவ்வளவுதான். அதில் மாட்டும் கருவிகளின் முன்தகடு 19 அங்குல அகலம், அதாவது 482.6 மி.மீ. உயரத்துக்கு அலகு ‘யூ’. ஒரு யூ 44.45 மி.மீ. சுவரில் மாட்டும் 6 யூ அல்லது 9 யூ ரேக் ஒரு வீட்டுக்குத் தாராளம். இணைய இணைப்போடு வந்த ரூட்டர், ஒரு சுவிட்ச், அறைகளிலிருந்து வரும் கேபிள்கள் முடியும் பேட்ச் பேனல், கோப்புகளையும் படங்களையும் சேர்த்துவைக்கும் ஒரு கணினி, அடியில் யூபிஎஸ். கனமானது கீழே இருக்க வேண்டும் என்பதைத் தவிர, அடுக்குவதில் பெரிய சாஸ்திரம் ஒன்றும் இல்லை.

கணினியைத் தேர்வு செய்யும் இடத்தில்தான் ஆசை ஆளைக் கவிழ்க்கிறது. அலுவலகங்கள் கழித்துக்கட்டிய ரேக் சர்வர்கள் பழைய சாமான் சந்தையில் மலிவாகக் கிடைக்கின்றன. ஒரு யூ உயரத்துக்குள் 40 மி.மீ. விசிறிகள்தான் அடங்கும். அவ்வளவு சிறிய விசிறி போதிய காற்றைத் தள்ள நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுகளைத் தாண்ட வேண்டியிருக்கும். அந்த அலறலில் பக்கத்து அறையில்கூடத் தூங்க முடியாது. கரன்ட் பில் வேறு. சும்மா இருக்கும்போதே 150 வாட் இழுக்கும் சர்வர் இரண்டு மாதத்தில் 216 யூனிட் தின்றுவிடும். 10 வாட்டில் ஓடும் குட்டிக் கணினிக்கு 15 யூனிட்கூட ஆகாது. வீட்டில் நாலு பேர் படம் பார்க்கவும் புகைப்படம் சேமிக்கவும் அதுவே போதும்.

ரேக்கில் இருப்பதிலேயே சாமர்த்தியமான பொருள், யாரும் திரும்பிப் பார்க்காத கேபிள். மேலுறையைச் சீவினால் உள்ளே ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என நான்கு ஜோடி. ஒவ்வொரு நிறமும் தன் வெள்ளைத் துணையோடு முறுக்கிக்கொண்டிருக்கும். உற்றுப் பார்த்தால் நான்கு முறுக்குகளும் ஒரே நெருக்கத்தில் இல்லை. அது தொழிற்சாலையின் அசட்டை அல்ல.

ஒரு கம்பியில் மின்னழுத்தம் ஏறும் அதே அளவு துணைக் கம்பியில் இறங்கும். மறுமுனையில் இருக்கும் சிப் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் படிக்கும். காய்கறிக் கடைத் தராசு ஒன்று மழையில் மாட்டிக்கொண்டதாக வைத்துக்கொள்ளலாம். இரண்டு தட்டிலும் ஒரே அளவு மழை விழுந்தால் முள் அசையாது. கூரை ஒழுகும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு தட்டு இருந்தால் அந்தப் பக்கம் சாயும். ஃபேன் மோட்டார், டியூப்லைட் சோக், பக்கத்தில் ஓடும் மின்வயர் எல்லாம் இப்படி ஒழுகும் கூரைகள். கம்பியை முறுக்குவது, தராசின் கோலைச் சுற்றிவிட்டுக்கொண்டே இருப்பது: இந்த இடத்தில் ஒழுக்கை வாங்கிய தட்டு, அடுத்த அரை முறுக்கில் தள்ளிப் போய்விடும்; கடைசியில் இரண்டிலும் சம நீர். அதே கூரையின் கீழ் நான்கு தராசுகள் ஒரே வேகத்தில் சுற்றினால், ஒன்றிலிருந்து சிதறும் நீர் எப்போதும் பக்கத்துத் தராசின் ஒரே தட்டில் போய் விழும். வேகங்கள் வேறுபட்டால் சிதறலும் இரண்டு தட்டுக்கும் பங்காகிவிடும். நான்கு ஜோடிக்கு நான்கு வித முறுக்கு இதற்காகத்தான். (அந்தக் கடையில் யாரும் காய் வாங்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.)

கிகாபிட் ஈதர்நெட் இந்த ஏற்பாட்டை நம்பித்தான் நான்கு ஜோடியிலும், இரு திசையிலும், ஒரே நேரத்தில் பேசுகிறது. ஒவ்வொரு ஜோடியிலும் வினாடிக்கு 12.5 கோடி முறை, ஐந்து மின்னழுத்த நிலைகளில் ஒன்று போகும். சிப் தான் அனுப்பியதைக் கழித்துவிட்டு, மிச்சத்தை எதிர்முனையின் பேச்சாக எடுத்துக்கொள்ளும். இது 100 மீட்டர் வரை நடக்கிறது.

வரலாறு சுருக்கமானது. முறுக்கிய ஜோடிக்கு அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881-இல் காப்புரிமை வாங்கினார். 1973-இல் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெட்கால்ஃபும் டேவிட் பாக்ஸும் தொடங்கிய ஈதர்நெட், கோஆக்சியல் கேபிளில் ஓடியது. முறுக்கிய ஜோடிக்கான தரநிலை 1990-இலும், அதில் கிகாபிட் 1999-இலும் வந்தன.

முனையில் ஜாக் பொருத்தும்போதுதான் இத்தனை சாமர்த்தியமும் பாழாகிறது. வழக்கமான வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடி மூன்றாம் பின்னிலும் ஆறாம் பின்னிலும் பிரிந்து உட்கார, நடுவில் நீலம். பழைய தொலைபேசி ஜாக்கில் லைன் நடு இரண்டு பின்களில் வரும். அதற்கு ஒதுக்கிய இடம் இன்னும் அப்படியே நிற்கிறது. இது கோணலாகத் தெரிகிறதே என்று, ஜோடிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரு முனையிலும் ‘ஒழுங்காக’ கிரிம்ப் செய்பவர்கள் உண்டு. மலிவு டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரியும். கம்பி அறுபடாமல் போகிறதா என்றுதான் அந்தக் கருவி பார்க்கிறது. யாரோடு முறுக்கிப் போகிறது என்று அதற்குத் தெரியாது. மூன்றும் ஆறும் இப்போது வெவ்வேறு ஜோடிகளின் கம்பிகளில் ஓடுவதால் இரைச்சல் கழிவதில்லை. வேகம் சரியும், இணைப்பு விட்டுவிட்டு வரும், பழி ரூட்டர் தலையில் விழும். சரியான வரிசையிலும், முனையில் முறுக்கைப் பிரிப்பது 13 மி.மீ.-க்கு மேல் போகக் கூடாது.

விளம்பரங்கள் இதையெல்லாம் விட்டுவிட்டு ‘கேட்-8’ என்று கூவுகின்றன. அது தரவு மையங்களில் 30 மீட்டருக்குள் ஓடுவதற்கென வகுத்த தரம். கிகாபிட்டுக்கு கேட்-5இ போதும். சுவருக்குள் ஒருமுறை புதைத்தால் எளிதில் மாற்ற முடியாது என்பதால் கேட்-6 போடுவது நியாயம். எண்ணைவிட உலோகத்தைப் பார்ப்பது முக்கியம். மலிவுச் சுருள்கள் பலவற்றில் இருப்பது செம்பு முலாம் பூசிய அலுமினியம். அலுமினியத்தின் மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். கேபிள் வழியாகவே மின்சாரம் வாங்கும் கேமராக்களுக்கு அது போனால் வழியில் மின்னழுத்தம் இறங்கும், கம்பி சூடாகும், வளைத்தால் ஒடியும். கம்பியின் முனையை பிளேடால் சுரண்டினால் உள்ளேயும் சிவப்பாக இருந்தால் செம்பு; வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம்.