கட்டிங் மாஸ்டர் வாராத நாள்

ஒட்டப்பிடாரத்தை அடுத்த புதியம்புத்தூர், கரிசற் காட்டிடையே இருந்தும், ஆயத்த ஆடைத் தொழிலாற் பெயர் பெற்ற ஊர். அங்குள்ள தையற்கூடங்களிற் பல சிறியன. இத்தகைய கூடத்தில் ஒவ்வொரு வேலையும் ஒருவர் கைக்குள்ளேயே அடங்கியிருக்கும். துணி வெட்டுபவர் ஒருவர். காஜா எடுப்பவர் ஒருவர். கணக்கும் சரக்கனுப்புதலும் பார்ப்பவர் ஒருவர். இவருள் ஒருவர் வாராவிடின் யாது செய்வது என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகும் பொருள்.

வாராமைக்குக் காரணம் தேட வேண்டுவதில்லை. கோயிற் கொடையும் அசனப் பண்டிகையும் உண்டு. காய்ச்சலும் பேறுகாலமும் உண்டு. இவற்றினும் பெரிய இடர் ஒன்று இந்நிலத்துக்கே உரியது. தீபாவளிக்கு ஆடை தைத்தனுப்பும் நெருக்கடியும், வடகிழக்குப் பருவமழையை நம்பி உளுந்தும் பாசியும் விதைக்கும் பருவமும் புரட்டாசி ஐப்பசியில் ஒருங்கே வந்து சேர்கின்றன. பருவந் தவறியவன் அவ்வாண்டு விளைவையே இழப்பான். அவனைத் தையற்கூடத்தில் நிறுத்தி வைத்தல் நீதியன்று.

கட்டிங் மாஸ்டர் வாராத அன்று துணி பலகைமேற் கிடக்கும். மற்றையோர் வெட்ட அஞ்சுவர். அச்சம் நியாயமே. அடுக்கிய துணியில் ஒரு பிழை நேரின், ஒரு சட்டையன்று, அடுக்கு முழுவதும் பாழாம். எந்த அட்டை எந்த அளவுக்குரியது, தையலுக்கு எவ்வளவு துணி விடுவது, தோய்த்தாற் சுருங்கும் துணிக்கு எவ்வளவு கூட்டுவது, கோடு போட்ட துணியை எவ்வாறு விரிப்பது என்பனவெல்லாம் அவர் நினைவிலன்றி வேறெங்குமில்லை. உருப்படிக் கணக்கிற் கூலி பெறுவோர்க்கு வெட்டு நின்றால் கூலியும் நிற்கும்.

இக்குறை உலகப் பொதுவானது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ஆலைகளின் தேர்ந்த தொழிலாளர் பலர் படையிற் சேர, பழக்கமில்லாதார் அவரிடத்தில் வந்தமர்ந்தனர். அந்நாட்டரசு 1940-ல் தொடங்கி 1945 வரை நடத்திய தொழிலகப் பயிற்சித் திட்டம் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட மேற்பார்வையாளரைப் பழக்கிற்று. அது கற்பித்த தாள் மிக எளியது. இடப்புறம் வேலையின் படிகள். வலப்புறம், அவ்வப்படியில் எதனாற் காரியம் கெடும், எதனாற் கை காயப்படும், எதனால் வேலை எளிதாகும் என்னும் நுட்பங்கள் மட்டும். போருக்குப்பின் இம்முறை ஜப்பானுக்குச் சென்று அங்கு வேரூன்றிற்று.

நம் தையற்கூடத்துக்கும் இத்தாளே போதும். ஆயின் முதலாளி தனித்திருந்து எழுதலாகாது. வேலையறிந்தவர் செய்துகாட்ட, அருகிருந்து மற்றொருவர் எழுதுக. பின்னர் மாஸ்டர் வாய் திறவாது நிற்க, மூன்றாமவர் ஒருவர் தாளை மட்டும் பார்த்துக் கழிவுத் துணியில் வெட்டுக. அவர் எங்கே தயங்கினாரோ அங்கே தாள் குறையுடையது. ‘சிறிது துணி விடுக’ என்றிருப்பின் தயங்கவே செய்வார். ‘அரை அங்குலம் விடுக’ என்றிருப்பின் தயங்கார். புதிய மாதிரி வருந்தோறும் தாளையும் திருத்த வேண்டும். பழைய தாளை நம்பி வெட்டுதலினும் வெட்டாதிருத்தல் நன்று.

பெரிய தடை எழுதுவதில் இல்லை. ‘கைப்பக்குவத்தை எழுதிக் கொடுத்துவிட்டால் என்னை யார் மதிப்பார்?’ என்னும் அச்சமே அது. பண்டை மருத்துவ நூலாசிரியர் சிலர் பரிபாஷையில் மறைத்தெழுதியதை யாம் வகுப்பிற் குறைகூறுவதுண்டு. கூலியை நம்பிப் பிழைப்பவர் மறைப்பதைக் குறைகூற எமக்கு வாய் வரவில்லை. ஆகவே, எழுதித் தந்தவரை நீக்கிக் குறைந்த கூலிக்கு வேறோராளை அமர்த்துவதில்லை என்றும், பிறர்க்குக் கற்பிக்கும் நேரத்துக்கும் கூலி உண்டு என்றும் முதலாளி முன்னரே வாக்களித்தல் வேண்டும். அவ்வாக்கில்லாத கூடத்தில் படிகளை மட்டும் எழுதித் தந்து நுட்பங்களை விட்டுவிடுவர். மாஸ்டர் வாராத நாளில் அத்தாள் சுவரில் தொங்கும். துணியும் பலகைமேலேயே கிடக்கும்.